பலகை பத்து, கல்லா ஒன்று

இயங்கலைச் சூதாட்டத்தில் எந்தத் தளம் நல்ல தளம் என்ற கேள்வி இன்று பேராக்கின் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. எதில் ஜெயித்த பணம் சீக்கிரம் கைக்கு வரும், எதில் ‘ஃப்ரீ கிரெடிட்’ கூடுதல், எதில் ஸ்லாட் நன்றாக ‘அடிக்கும்’ என்று புலனக் குழுக்களில் ஒப்பீடு நடக்கிறது. பத்து ரிங்கிட் கட்டினால் போதும், முதல் கட்டுத்தொகைக்கு நூறு விழுக்காடு போனஸ், ஐந்தே நிமிடத்தில் பணம் வெளியே என்று ஒரு செய்தி வரும். கீழே தங்க நிறத்தில் ஒரு பெயர், அதன் அடியில் ஓர் இணைப்பு. மறுநாள் வேறோர் எண்ணிலிருந்து, வேறொரு பெயரில், சிவப்பு நிறத்தில், ஏறக்குறைய அதே சொற்களோடு இன்னொரு செய்தி. இரண்டில் எது மேல் என்று நண்பனைக் கேட்பவர், பத்துக் கடை ஏறி இறங்கி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்கிறார். அந்தக் கடைகள் பலவற்றின் பின்கதவும் ஒரே அறைக்குள்தான் திறக்கிறது. பலகைதான் பத்து, கல்லா ஒன்று. இயங்கலைச் சூதாட்டத்தைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு, ஆடுகிறவரின் பேராசை, மனக்கட்டுப்பாடு என்ற வட்டத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை. கோயில் மேடையிலும் அதுதான், நாளிதழ் கடிதங்களிலும் அதுதான். அந்த ஒற்றைக் கல்லாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால்தான் சட்டம் எங்கே கை வைக்க வேண்டும் என்பது புலப்படும் என்பது என் வாதம்.

இந்த ஏற்பாட்டை வணிக உலகம் ‘ஒயிட் லேபிள்’ என்கிறது. ஒரு நிறுவனம் உரிமம், மென்பொருள், பணம் வாங்கும் வழி, வாடிக்கையாளர் சேவை ஆகிய எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்கும். பெயரையும் முகப்பையும் விளம்பரத்தையும் மட்டும் இன்னொருவர் கொண்டுவருவார். ஸ்லாட்டும் நேரலை பக்காராவும் செய்து தரும் நிறுவனங்கள் தனி. அவை அதே ஆட்டத்தை நூற்றுக்கணக்கான தளங்களுக்கு விற்கின்றன. ஆகவே ஒரே மேசை, அட்டை போடும் அதே பெண், அதே சுற்று, பல பெயர்களின் கீழ் ஒரே நேரத்தில் ஓடும். பிரிட்டனில் இது வெளிச்சத்துக்கு வந்த கதை நமக்கும் தொடர்புடையது. ஐல் ஆஃப் மேன் தீவிலிருந்து இயங்கிய டிஜிபி யூரோப் என்ற நிறுவனம், இங்கிலாந்து பிரிமியர் லீக் அணிகளுக்கு ஆதரவாளர்களாக இருந்த பல சூதாட்டப் பெயர்களைத் தன் ஒரே உரிமத்தின் கீழ் நடத்திவந்தது. கூட்டாளிகள் யார், அவர்கள் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் போதிய அளவு சரிபார்க்கவில்லை, பணச்சலவைத் தடுப்பு விதிகளை மீறியது என்று பிரிட்டிஷ் சூதாட்ட ஆணையம் கண்டது. 2023இலேயே ஒருமுறை அபராதம் கட்டிய நிறுவனம் அது. 2025 மே மாதம் 33 லட்சம் பவுண்டு அபராதம் என்றதும், அதைக் கட்டாமல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பிரிட்டிஷ் சந்தையைவிட்டே போய்விட்டது. அணிச்சட்டையில் பெயர் போட்டிருந்த அந்தத் தளங்களில் பலவற்றை பிரிட்டனில் சீந்துவாரில்லை. சீன எழுத்திலேயே பெயர் தாங்கி ஆடிய அணிகளும் உண்டு. அந்த விளம்பரம் யாருக்காக என்பதை விளக்கத் தேவையில்லை: வார இறுதி இரவில் ஈப்போ மாமாக் கடைத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து காற்பந்து பார்க்கும் நமக்காக. பிரிமியர் லீக் அணிகள் சட்டையின் முன்பக்கத்திலிருந்து சூதாட்டப் பெயர்களை 2025-26 பருவத்தோடு எடுத்துவிட 2023இல் ஒப்புக்கொண்டன. சட்டைக்கையும் திடலோரப் பலகைகளும் அந்த உடன்பாட்டில் அடங்கவில்லை.

அங்கே உரிமம் என்று ஒன்று இருந்ததால் யாருடைய கல்லா என்று கேட்க முடிந்தது. இங்கே அந்தக் கேள்வியைக் கேட்கவே இடமில்லை. எஸ்சிஆர்888 என்று ஊரெல்லாம் பரவியிருந்த செயலிதான் பிறகு 918கிஸ் என்று பெயர் மாறி வந்தது. மெகா888, புஸ்ஸி888 என்று அடுத்தடுத்து வரிசையில் நின்றன. இவற்றுள் எதற்கும் மலேசியாவில் உரிமம் கிடையாது. செயலியை அதிகாரப்பூர்வக் கடையிலிருந்து இறக்க முடியாது. ஏஜென்ட் அனுப்பும் இணைப்பிலிருந்துதான் இறக்க வேண்டும். அந்த ஏஜென்ட் கிரெடிட்டை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிறவர். அவர் பத்துப் பெயர் வைத்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் கிரெடிட் வரும் ஊற்று ஒன்றுதான். உற்றுப் பார்த்தால் அடையாளங்கள் தெரியும். இரண்டு தளங்களின் விதிமுறைப் பக்கங்களை அருகருகே வைத்துப் படித்தால், எழுத்துப்பிழை முதற்கொண்டு ஒத்துப்போகும். ஒன்றில் கணக்கை முடக்கினால் அதே கைப்பேசி எண் இன்னொன்றிலும் முடங்கும். எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம், பணம் கட்டுமுன் வரும் எச்சரிக்கை: ‘போன தடவை கட்டிய கணக்குக்கே கட்டிவிடாதீர்கள், ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு எண் கேளுங்கள்.’ நேர்மையாகத் தொழில் செய்கிறவன் வாரத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு மாற்றுவானா? அந்தக் கணக்குகள் வாடகைக்கு வாங்கப்பட்டவை. அவற்றுள் சில, நம் தாமானில் வேலையில்லாமல் இருக்கும் பையன்களின் பெயரில் இருக்கின்றன.

இந்த இடத்தில் ‘சிறந்த பத்துத் தளங்கள்’ என்று தரவரிசை போடுகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நடுநிலை ஒப்பீடு போலத் தெரியும் இத்தகைய பக்கங்களில் பெரும்பாலானவை தரகர்களுடையவை. அவர்களுக்குக் கூலி இரண்டு வகையில் வருகிறது. ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்று ஒரேயடியாக வாங்குவது ஒன்று. அந்த ஆள் தோற்கும் பணத்தில், அவர் ஆடும் காலம் முழுக்க, ஒரு பங்கு வாங்குவது மற்றொன்று. பின்னது உலகெங்கும் இத்தொழிலில் நிலைத்துவிட்ட முறை. நீங்கள் தோற்றால்தான் அவருக்கு வருமானம் என்றிருக்கும்போது, உங்களுக்கு நல்லது எது என்று அவர் சொல்வதற்கு என்ன மதிப்பு? அவர் வரிசைப்படுத்தும் முதலிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் முதலாளி ஒருவராகவே இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

கணக்குக்கு வருவோம், விஷயம் இங்கேதான் ஆழமாகிறது. சட்டப்படி நடக்கும் நான்கு இலக்க எண் குலுக்கலில் 10,000 எண்கள். ‘பெரிய’ பந்தயத்தில் ஒரு ரிங்கிட்டுக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. பத்துச் சிறப்புப் பரிசுகள் 180 வீதம், பத்து ஆறுதல் பரிசுகள் 60 வீதம். ஒருவர் எல்லா எண்களையும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கு வாங்கினால் 10,000 போட்டு 6,400 எடுப்பார். நூற்றுக்கு முப்பத்தாறு போய்விடும். இயங்கலை ஸ்லாட்டோ நூற்றுக்குத் தொண்ணூற்றாறு திரும்பத் தருவதாக விளம்பரம் செய்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்லாட்டே நியாயமானது என்று தோன்றும். தரகர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். வேகத்தைக் கணக்கில் சேர்த்தால் படம் தலைகீழாகும். குலுக்கல் வழக்கமாக வாரத்துக்கு மூன்று நாள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரிங்கிட் போடுகிறவர் சராசரியாக வாரத்துக்கு ஐந்து ரிங்கிட் நாற்பது சென் இழப்பார். ஸ்லாட்டை ஆறு விநாடிக்கு ஒருமுறை தட்டினால் மணிக்கு 600 சுற்று. சுற்றுக்கு ஒரு ரிங்கிட் என்றால் பந்தயம் 600 ரிங்கிட். அதில் நான்கு விழுக்காடு, 24 ரிங்கிட், ஒரு மணி நேரத்துக்கான சராசரி இழப்பு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று மாதம் முழுவதும் ஆடினால் 720 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். விளம்பரத்தில் சொல்லும் தொண்ணூற்றாறு உண்மை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உரிமமில்லாத செயலியில் அந்த எண்ணைச் சோதித்துச் சான்று தர எந்த அதிகாரியும் இல்லை. கல்லாக்காரர் விரும்பினால் எண்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

போனஸிலும் இதே கணிதம்தான் ஒளிந்திருக்கிறது. நூறு ரிங்கிட் கட்டுகிறீர்கள், அவர்கள் நூறு சேர்த்துத் தருகிறார்கள், மொத்தத்தை இருபது மடங்கு ‘உருட்டினால்’ பணத்தை வெளியே எடுக்கலாம் என்று ஒரு நிபந்தனை வைக்கிறார்கள் என்று கொள்வோம். இருநூறின் இருபது மடங்கு 4,000. நான்கு விழுக்காடு இழப்பு என்றால் 160 ரிங்கிட். ஆக, வெளியே எடுக்க அனுமதி கிடைக்கும் தருணத்தில் சராசரியாக 40 ரிங்கிட் மிஞ்சும். கட்டிய சொந்தப் பணம் நூறு. இலவசம் என்று வந்ததுதான் அறுபது ரிங்கிட்டைக் கொண்டுபோனது. பிரிட்டிஷ் ஆணையம் இந்த உருட்டலை போனஸ் தொகையின் பத்து மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று 2025இல் அறிவித்து, 2026 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூடவே இன்னொரு தடையும் விதித்தது. காற்பந்துப் பந்தயமும் ஸ்லாட்டும் இரண்டும் ஆடினால்தான் சலுகை என்று ஆட்டங்களைக் கலந்து கொடுக்கும் போனஸ் இனிக் கூடாது. ஒரே முதலாளி பந்தயத் தளமும் கேசினோவும் சேர்த்து நடத்துவதன் சூட்சுமம் இந்தத் தடையில் வெளிப்படுகிறது. காற்பந்து தெரிந்தவருக்குப் பந்தயத்தில் ஒரு தன்னம்பிக்கை இருக்கும்; வாரம் ஒருமுறை ஆட்டம், தொண்ணூறு நிமிடக் காத்திருப்பு, அவ்வளவுதான். அவரை அப்படியே விட்டால் முதலாளிக்கு லாபம் மெதுவாகத்தான் வரும். அதனால் ஒரே பணப்பையை இரண்டுக்கும் வைத்து, இடைவேளையில் ஒரு சுற்று தட்டிப்பாருங்கள் என்று பக்கத்து அறைக்குக் கூப்பிடுகிறார்கள். பந்தயத்தில் ஆள் பிடித்து, ஸ்லாட்டில் அறுவடை செய்கிறார்கள்.

பேராக்குக்கு இந்த வணிகமுறை புதிதன்று. 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் வரிவசூலும் பொது நிர்வாகமும் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் ஆலோசனைக்குள் வந்தன. லாருட்டிலும் பிறகு கிந்தா பள்ளத்தாக்கிலும் ஈயம் தோண்ட வந்த சீனத் தொழிலாளரிடமிருந்து அரசு வருமானம் எடுக்கக் கண்ட வழி குத்தகை. அபின், சாராயம், சூதாட்டம், அடகு ஆகியவற்றை நடத்தும் உரிமையை அது ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர்களில் பலர் சுரங்கத்துக்கு முன்பணம் போட்ட அதே தௌக்கேகள். கூலி கொடுத்த கையே அரிசியையும் எண்ணெயையும் கடனுக்குக் கொடுத்தது. அந்தக் கையே சூதாட்டக் கொட்டகையில் காசை வாங்கியது. தோற்றவன் கொண்டுவந்த சட்டையை அடகு பிடித்ததும் அதுவே. கூலி எவ்வளவு உயர்ந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடும் என்பதால் முதலாளிக்கு அது செலவாகவே தெரியவில்லை. ஐக்கிய மலாய் மாநிலங்களில் சூதாட்டக் குத்தகை 1912 முடிவோடுதான் ஒழிந்தது. ரப்பர் தோட்டத்தில் நம் முன்னோர் கண்டது இதன் இன்னொரு வடிவம்: சம்பளம் தந்த நிர்வாகத்தின் எல்லைக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. குடிக்காதே என்று ஒருவருக்கொருவர் உபதேசம் செய்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கடையை நடத்துகிறவனைப் பார்த்துக் கேட்டார்கள். அந்தத் தெளிவு இன்றைய மேடைப் பேச்சுகளில் காணாமற்போய்விட்டது.

பேராக் மண்ணிலிருந்தே இன்னோர் உதாரணமும் உண்டு. ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர் லயத்தைவிட்டுத் தெருவுக்கு வந்தனர். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து ரிங்கிட்டாகக் கட்டி நூறு ரிங்கிட் பங்கு வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார். பால் மரம் சீவிய கைகளிலிருந்து வந்த அந்தப் பத்துகள் சேர்ந்து முதலில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தையும் பிறகு வேறு பல தோட்டங்களையும் வாங்கின. இன்றைய தளங்கள் கேட்கும் ஆரம்பத் தொகையும் பெரும்பாலும் அதே பத்து ரிங்கிட்தான். அன்றைய பத்து ரிங்கிட் யாருடைய பெயரில் எந்தக் கணக்கில் போகிறது என்பது கட்டியவருக்குத் தெரியும். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். இன்றைய பத்து ரிங்கிட் அடுத்த வாரம் இல்லாமற்போகும் ஒரு கணக்குக்குப் போகிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு கனமானது: அப்படியானால் பிரிட்டனைப்போல், சிங்கப்பூரைப்போல் உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்திவிடலாமே, வரியாவது வரும். இதைச் சொல்கிறவர்களைச் சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பிரிட்டனில் காம்ஸ்டாப் என்ற ஏற்பாடு உண்டு. ஒருவர் என்னைத் தடுத்துவிடுங்கள் என்று ஒரே ஒருமுறை பதிந்தால், 2020 முதல் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் அவரைத் தடுத்தாக வேண்டும். பலகைக்குப் பலகை ஓடும் வழியை அடைத்த நல்ல விதி அது. சிங்கப்பூரில் கேசினோவுக்குள் நுழையவே குடிமக்கள் நாளுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். குடும்பத்தாரே மனுச்செய்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கலாம். இயங்கலையில் சிங்கப்பூர் பூல்ஸ் ஒன்றுக்குத்தான் அனுமதி. இவையெல்லாம் உண்மை. ஆனால் உரிமம் கொடுத்தால் கள்ளத்தொழில் தானாக ஓடிவிடும் என்ற பகுதி நம் நாட்டு அனுபவத்தோடு ஒட்டவில்லை. நான்கு இலக்க எண் குலுக்கல் இங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டப்படி நடக்கிறது. மேக்னமும் ஸ்போர்ட்ஸ் டோட்டோவும் டாமச்சாயும் தெருவுக்குத் தெரு கடை வைத்திருக்கின்றன. இருந்தும் கள்ள நம்பர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; உரிமம் பெற்ற நிறுவனங்களே ஆண்டறிக்கைதோறும் அதைப் புகாராகச் சொல்கின்றன. கள்ள ஏஜென்ட் தள்ளுபடி தருகிறார், கடனுக்கும் எழுதிக்கொள்கிறார். வரி கட்டுகிறவரால் அதைச் செய்ய முடியாது. பிலிப்பீன்ஸ் 2016 முதல் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான இயங்கலைச் சூதாட்ட நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துப் பார்த்தது. ஆள் கடத்தலும் மோசடிக் கும்பல்களும் அந்த உரிமத்தின் நிழலில் வளர்ந்தன. 2024 ஜூலையில் அதிபர் மார்கோஸ் மொத்தத்தையும் மூட உத்தரவிட்டார். கண்காணிக்கும் திறனை முதலில் வளர்த்துக்கொண்ட நாட்டில் உரிமம் ஒரு கருவியாகலாம். அதில்லாத நாட்டில் உரிமமும் இன்னொரு பலகையாகத்தான் தொங்கும்.

அவரவர் பணம், அவரவர் விருப்பம், உங்களுக்கென்ன என்பது இரண்டாவது மறுப்பு. கெந்திங் மலையில் சட்டப்படி கேசினோ இருக்கிறது, ஈப்போவில் பேராக் டர்ஃப் கிளப் இருக்கிறது, அங்கே போகிறவரை நான் குறை சொல்லவில்லை. குதிரைப் பந்தயத் திடலுக்குக் கதவு உண்டு, மூடும் நேரம் உண்டு, ஜெயித்தால் பணம் தரும் முகம் தெரிந்த நிறுவனம் உண்டு. செயலியில் ஜெயித்தவருக்கு என்ன உரிமை இருக்கிறது? 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது. அதைக் காட்டி நீதிமன்றத்தில் பணம் கேட்க முடியாது. போலீசுக்குப் போனால் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட மையச் சட்டத்தின்கீழ் தானே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வேறு. பெரிய தொகை விழுந்த அன்று கணக்கு முடங்கினால், சேவைப் பிரிவு பதில் சொல்வதை நிறுத்தினால், போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. தோல்வி மட்டும் நிச்சயமாகத் தீர்க்கப்படும் ஒரு பேரத்தைச் சுதந்திரமான தேர்வு என்பது சொல்லுக்குத்தான் அழகு. இழப்பும் ஆடுகிறவரோடு நிற்பதில்லை. அடகுக் கடைக்குப் போகும் தாலிக்கொடி மனைவியுடையது. வட்டி முதலைகள் சிவப்புச் சாயம் ஊற்றுவது பெற்றோர் குடியிருக்கும் வீட்டு வாசலில். கடன் வாங்கியவன் அப்போது வேறு ஊரில் இருப்பான்.

மூன்றாவதாக ஒரு முணுமுணுப்பும் உண்டு: எதற்கெடுத்தாலும் இந்தியர்களையே சொல்கிறீர்கள், சூதாடுவது எல்லா இனத்திலும் இருக்கிறதே. இருக்கிறது, இந்தக் கட்டுரை நம்மவருக்குத் தனிக் குணக்கேடு இருப்பதாகச் சொல்லவில்லை. தோட்டத்தைவிட்டு வந்த குடும்பம் இழந்தது வேலையை மட்டுமன்று. லயத்து வீடு, கொல்லைக் காய்கறி, மாட்டுக் கொட்டகை, அவசரத்துக்குக் கைமாற்றுத் தரும் பக்கத்து வீடு, கோயில் சீட்டு எல்லாம் சேர்ந்துதான் போயின. அடுக்குமாடியின் மலிவு வீட்டில் இரண்டு பேர் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு 500 ரிங்கிட் இழப்பும் அதே தொகையை இழக்கும் வசதியான குடும்பத்தின் இழப்பும் ஒன்றல்ல. அதைத் தாங்கும் இருப்பு யாரிடம் குறைவோ, அவர்களைப் பற்றிக் கூடுதலாகப் பேசத்தான் வேண்டும்.

நம் சட்டம் எங்கே நிற்கிறது? பொதுச் சூதாட்ட மையச் சட்டமும் பந்தயச் சட்டமும் 1953இல் இயற்றப்பட்டவை. முன்னதன் பெயரே சொல்வதுபோல் அது ஓர் இடத்தைத் தேடுகிறது: மேசை, சுவர், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்கள். மையம் நடத்துபவருக்கு 5,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும். ஆடுபவருக்கு 5,000 வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. பந்தயச் சட்டத்தில் அபராதம் 2,00,000 ரிங்கிட் வரை போகும். இன்று சோதனையில் பிடிபடுவது யார்? வாடகை வீட்டில் பத்து மடிக்கணினியோடு உட்கார்ந்து வாடிக்கையாளருக்குப் பதில் தட்டும் இருபது வயதுப் பையன்கள். கல்லா வேறு நாட்டில் இருக்கும். மறுவாரம் வேறு வீடு, வேறு பையன்கள். தொடர்பு, பல்லூடக ஆணையம் தளங்களை முடக்குகிறது. பெயரில் ஓர் எழுத்தை மாற்றி மாலைக்குள் இன்னொன்று எழுகிறது. முகநூல் விளம்பரங்களைப் பற்றி மெட்டா நிறுவனத்திடம் தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் பலமுறை பேசியும் விளம்பரம் ஓய்ந்தபாடில்லை. முடக்குவது வீண் என்று சொல்ல வரவில்லை. பலகையைக் கழற்றுகிற வேலை அது, அவ்வளவுதான்.

கல்லாவைத் தொட ஒரே வழி, அதற்குள் பணம் போகும் பாதை. பெயரை மாற்றுவது சுலபம். ஆயிரக்கணக்கானோரிடமிருந்து ரிங்கிட்டை வாங்கி ரிங்கிட்டாகவே திருப்பித் தர உள்ளூர் வங்கிக் கணக்கும் மின்பணப்பையும் இல்லாமல் முடியாது. இந்தியா 2025 ஆகஸ்டில் இயற்றிய இயங்கலை விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுத்ததோடு, அவற்றுக்கான பணப்பரிமாற்றத்தை வங்கிகள் செய்யக்கூடாது என்றும் சொன்னது. அதற்கு முன் தமிழ்நாடு தனியாகப் பட்ட பாடு நமக்குப் பாடமாகும். நீதியரசர் சந்துரு குழுவின் பரிந்துரை, ஆளுநர் திருப்பியனுப்பிய மசோதா, 2023 ஏப்ரலில் ஒப்புதல், அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் விலக்களித்தது என்று எது சூது, எது திறமை என்ற வழக்கிலேயே காலம் ஓடியது. நாம் அந்தச் சுற்றில் மாட்டத் தேவையில்லை. மலேசியா 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்திக் பிறருக்கு வாடகைக்கு விடும் ‘கழுதைக் கணக்கு’களுக்கென்றே தனிப்பிரிவுகள் சேர்த்திருக்கிறது. பெரும்பாலும் மோசடி வழக்குகளை மனத்தில் வைத்துப் பேசப்படும் அந்தப் பிரிவுகளைச் சூதாட்டக் கல்லாவின் மீதும் தவறாமல் பாய்ச்ச வேண்டும். ஒரு கணக்குக்குள் இரவு பத்துக்கும் இரண்டுக்கும் இடையில் பத்தும் இருபதுமாக நூறு பேர் பணம் போட்டால், அது நாசி லெமாக் விற்ற காசாக இருக்காது என்பதை வங்கியின் கணினியே சொல்லிவிடும். மத்திய வங்கியான பேங்க் நெகாரா இந்தக் கண்காணிப்பைக் கட்டாயமாக்க வேண்டும். பல பெயர்களில் பணம் வாங்கும் கணக்குகளை ஒரே வலையாகச் சேர்த்து விசாரிக்க வேண்டும். ஆடி நொந்தவர் வந்து முறையிட்டால் அவரைக் குற்றவாளியாக்காமல் சாட்சியாக நடத்தும் ஒரு திருத்தமும் பொதுச் சூதாட்ட மையச் சட்டத்துக்கு வேண்டும். அது இல்லாதவரை தகவல் சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது அது. பேராக்கில் நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு; இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. வங்கிக் கடனும் கடன் அட்டையும் கழுத்தை நெரிக்கும் நிலைக்கு வந்தவர்கள், பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை அமைப்பான ஏ.கே.பி.கே.வின் ஈப்போ கிளைக்குப் போகலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. இன்னும் அந்த நிலைக்கு வராத இளைஞர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: யாராவது வந்து உன் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் மாத வாடகைக்குக் கொடு, ஒன்றும் ஆகாது என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் கல்லாவுக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே பூட்டுத் துவாரம் உங்கள் பெயரில் இருக்கும் கணக்குதான். போலீஸ் வரும்போது அங்கே எழுதியிருக்கும் பெயரும் உங்களுடையதாகவே இருக்கும்.